பட்டு மாடிக்குப் போன பணியாரச் சட்டி

ரத்தக் குழாய் கழுவுவது என் வேலை. உடம்புக்குள் ஓடும் குழாய் இல்லை. ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சேரன்மகாதேவியில் வயலில் வெயிலில் நிற்பதைவிட திருநெல்வேலி டவுனில் காற்றாடிக்குக் கீழே நிற்கலாம் என்று வந்தேன். லேப்பில் காற்றாடி இருந்தது. அதையும் பாதி நேரம் போட விடமாட்டார்கள், காகிதம் பறக்கும் என்று.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு டாக்டரம்மா மேல்படிப்புக்கு வந்தார். பாளையங்கோட்டைப் பெண். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அவர் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை. படிப்பு முடிந்தால்தான் இவர் அங்கே போக முடியும். படிப்பு முடிய ஓர் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

என்ன ஆராய்ச்சி என்று ஒரு நாள் கேட்டேன்.

"சர்க்கரை முத்துனவங்களுக்குக் கண்ணுக்குள்ள புதுசு புதுசா ரத்தக்குழாய் முளைக்கும் அண்ணாச்சி. வேண்டாத இடத்துல முளைக்கும். நோஞ்சான் குழாய். உடைஞ்சிரும். உடைஞ்சா பார்வை போயிரும்."

"அது ஏன் முளைக்கு?"

"முளைன்னு சொல்லுததுக்கு உடம்புல ஒரு புரதம் இருக்கு. அது ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். கண்ணு கெட்டவங்களுக்கு எவ்வளவு, சர்க்கரை இருந்தும் கண்ணு கெடாதவங்களுக்கு எவ்வளவு, சர்க்கரையே இல்லாதவங்களுக்கு எவ்வளவு. அதான்."

"மடை இல்லாத இடத்துல கரையை வெட்டி வாய்க்கா இழுத்த மாதிரி."

"அதேதான். வெட்டச் சொன்னவன் யாருன்னு பாக்கப் போறோம்" என்று சிரித்தார்.

சர்க்கரைக்காரர்கள் ரத்தம் சுலபமாகக் கிடைத்தது. அவர்கள் தானாக வருவார்கள். நல்லா இருக்கிறவன் ரத்தம்தான் கிடைக்கவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும், "எனக்கென்ன கேடு, நான் ஏன் வே ஆஸ்பத்திரிக்கு வாறேன்?" என்றார்கள். முதலில் நான் கொடுத்தேன். லேப்பில் டெக்னீசியன் ஒருத்தர், மேலப்பாளையத்துக்காரர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரும் கொடுத்தார். பிறகு என் மச்சினனைப் பிடித்தேன். என் வீட்டுக்காரியின் தம்பி. டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டு மாடியில் சேலை எடுத்துப் போடுகிற வேலை அவனுக்கு. வாய் நிற்காது.

"அத்தான், என் ரத்தத்தை எடுத்து எவனுக்கு ஏத்தப் போறிய?"

"எவனுக்கும் இல்லை. பாக்கதுக்கு."

"பாத்துட்டு?"

"கொட்டிருவோம்."

"கொட்டுததுக்கு எதுக்கு எடுக்கணும்?"

"வாலே."

காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். வந்தான். குளித்து, திருநீறு பூசி, தேய்த்த சட்டை போட்டு, கோயிலுக்கு வருகிற மாதிரி வந்தான். வாய் மட்டும் சிவப்பாக இருந்தது.

"என்னலே வாய்?"

"வெத்தலை."

"வெறும் வயித்துல வரச் சொன்னேம்லா?"

"வெத்தலை போட்டா வயிறு ரொம்பிருமா அத்தான்?"

டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அவன் மட்டும் இல்லை. ஒருத்தர் கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு வந்து, காபி தண்ணீர்தானே என்றார். ஒருத்தர் கோயிலில் கொடுத்த பஞ்சாமிர்தத்தைத் தின்றுவிட்டு, அது சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று சாதித்தார். சாமி பிரசாதத்தை டாக்டரம்மாவால் குறை சொல்ல முடியவில்லை. நாளைக்கு வாங்க என்றார்.

மச்சினன் மறுநாள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். ஊசியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். எடுத்து முடித்த பிறகு குழாயைப் பார்த்தான். அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டான்.

எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைக்க வேண்டும். சுற்றுகிற மெஷினில் போட்டுச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். சும்மா விட்டால் ரத்தமே அந்தப் புரதத்தைக் கக்கிவிடுமாம். கணக்கு பொய்யாகிவிடும். அதனால் டாக்டரம்மா ரத்தம் எடுக்கும்போதே நான் ஐஸோடு பக்கத்தில் நிற்பேன்.

எல்லா ரத்தமும் சேர்ந்த பிறகு, சோதனை செய்கிற பிளேட் ரயிலில் வந்தது. வெளிநாட்டுச் சாமான். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி நடுவே இருந்தது. பிளேட் என்றால் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், அதில் வரிசை வரிசையாகக் குட்டிக் குழிகள். புரதம் எவ்வளவு இருக்கோ அந்த அளவுக்குக் குழியில் நிறம் வரும். நான் பணியாரச் சட்டி என்றேன். அன்றைக்கிருந்து லேப்பில் அதற்கு அதுதான் பேர்.

வந்தது ஒன்றே ஒன்று. அது கெட்டால் வேறு கிடையாது. டாக்டரம்மாவின் ஆராய்ச்சி போச்சு, ஒரு வருஷம் போச்சு, கோயம்புத்தூரும் தள்ளிப் போச்சு. இவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"இதெல்லாம் இங்கன சரிப்பட்டு வராதும்மா. சென்னைக்கு அனுப்பிருங்க."

"இங்கனயே செய்யுதேன் சார்" என்று இவர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பின்வாங்குகிற ஆள் இல்லை.

சோதனை வைத்திருந்த வாரம் லேப்பில் இருந்த ஒரே ஏசி எரிந்துபோனது. வோல்டேஜ் ஏறி இறங்கி மோட்டார் புகைந்துவிட்டது. பேட்டையில் இருந்து மெக்கானிக் வந்து மோட்டாரைக் கழற்றி மூட்டை மாதிரி சைக்கிளில் கட்டினார்.

"எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"காயில் கட்டணும் அண்ணாச்சி. முன்னால நாலு மோட்டார் நிக்கு. பைய வரும்."

பிளேட்டின் கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. மே மாதம். வெளியே தார் இளகிக் கிடந்தது.

பாய் பிளேட்டோடு வந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா, ரூம்ல வச்சாப் போதும்னுதான் போட்டிருக்கான். ஏசின்னு போடலியே. இது ரூம்தானே? அடுப்பங்கரையா?"

டாக்டரம்மாவுக்கும் அது சரி என்று பட்டது. எனக்கும் பட்டது. இருந்தாலும் அவர், பழைய மஞ்சள்காமாலைச் சோதனைப் பெட்டியில் மிச்சம் இருந்த ஒரு துண்டு பிளேட்டை எடுத்து முதலில் அதில் செய்து பார்க்கலாம் என்றார். செய்தார்கள். வியாதிக்காரன் குழி மஞ்சளானது. சரி. வியாதி இல்லாதவன் குழியும் மஞ்சளானது. வெறும் தண்ணீர் வைத்த குழியும் மஞ்சளாகிவிட்டது.

டாக்டரம்மா சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைப் போய்ப் பார்த்தார். முப்பத்தாறு.

"அவன் ரூம் வேற, நம்ம ரூம் வேற பாய். அவன் ரூம்னு சொன்னா இருபத்தஞ்சு."

"யா அல்லா! மே மாசத்துல இருபத்தஞ்சுக்கு எங்க போக? மாஞ்சோலை மலைக்கா?"

"மாஞ்சோலைக்குப் போயிட்டு வந்து மெஷின்ல பாக்கதுக்குள்ள நிறம் செத்துப்போகும். டவுனுக்குள்ளயே வேணும்."

"டவுன்ல குளிர்ந்த இடம்னா சினிமா கொட்டகை. இல்லன்னா பட்டுக்கடை."

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். வேகமாக நடக்கிறவர் உட்கார்ந்தால் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

"மச்சினன் பட்டு மாடியிலதான் நிக்கான்" என்றேன்.

கடை முதலாளி அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது.

"முகூர்த்தப் பட்டு அடுக்கியிருக்க இடம்மா அது. அங்கன கொண்டு ரத்தத்தை வைக்கவா?"

"ரத்தம் இல்ல அண்ணாச்சி. அதுல தெளிஞ்ச தண்ணி."

"தெளிஞ்சாலும் ரத்தம்தானே. கல்யாண வீட்டு ஆளுக காதுல விழுந்தா அடுத்த கடைக்குப் போயிருவாவ."

மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். "முதலாளி, அதுல என் ரத்தமும் இருக்கு. நான் தினமும் மாடியில நிக்கேம்லா. நிக்கும்போது உள்ள இருக்கு, அப்ப மட்டும் பரவால்லியா?"

"நீ சும்மா கெடலே."

பிறகு அண்ணாச்சி டாக்டரம்மாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்குப் பல வருஷமா சர்க்கரை. இப்பக் கொஞ்ச நாளா ஜரிகைக் கரை ரெண்டாத் தெரியுது. இந்தச் சோதனை அதைச் சரி பண்ணுமா?"

சரி பண்ணும் என்று சொல்லியிருந்தால் உடனே சம்மதித்திருப்பார். டாக்டரம்மா சொல்லவில்லை.

"பண்ணாது அண்ணாச்சி. இப்பத்தான் தேடவே ஆரம்பிச்சிருக்கோம். பின்னால வாறவங்களுக்கு ஆகலாம். உங்க கண்ணுக்கு நீங்க கண் டாக்டரைத்தான் பாக்கணும். நாளைக்கே பாருங்க. தள்ளாதீங்க."

அண்ணாச்சி கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

"மாடியில பின்னால ஸ்டாக் ரூம் இருக்கு. ஏசி உண்டு. கரண்டு போனா ஜெனரேட்டரும் உண்டு. ஆனா ஒண்ணு. ரத்தம்ங்கிற வார்த்தையே கடைக்குள்ள வரப்படாது."

"வராது" என்றேன். நான்தான் சொன்னேன். சொல்லுவது சுலபம்.

மறுநாள் காலை ஆட்டோவில் போனோம். டாக்டரம்மா மடியில் பணியாரச் சட்டி. என் மடியில் ஐஸ் பெட்டி. பாய் லேப்பிலேயே இருந்துகொண்டார். நிறத்தைப் படிக்கிற மெஷின் அங்கேதான் இருந்தது.

ஸ்டாக் ரூமில் சேலை அடுக்குகளுக்கு நடுவே ஒரு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்திருந்தான் மச்சினன். டாக்டரம்மா ஓர் அடுக்கில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார். இருபத்தைந்து காட்டியது. அவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

குழி குழியாகச் சொட்டு விட்டார். இடது ஓரத்து வரிசை அளவு தெரிந்த சரக்கு. கூடுதலில் இருந்து குறைவுக்குப் படி மாதிரி இறங்கும். மற்றதெல்லாம் ஆட்கள். விட்டு மூடி வைத்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு கழுவி, அடுத்த மருந்து விட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். கழுவின தண்ணீரை நான் வாளியில் பிடித்தேன்.

வெளியே முகூர்த்தக் கூட்டம். சேலை விரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மச்சினன் சேலை எடுக்கிற சாக்கில் அடிக்கடி தலையை நீட்டினான்.

"அத்தான், வெந்துட்டா?"

"போலே."

"திருப்பிப் போட்டியளா?"

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். கை ஆடும் என்று, சொட்டு விடுகிறதை நிறுத்தி, சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த சொட்டை விட்டார்.

நடுவில் ஒரு தடவை கரண்டு போனது. அறை இருட்டானது. ஏசி நின்றது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்கட்டில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. ஏசி மறுபடி ஓடியது. கையை விட்டார். 

கடைசி மருந்து விட்டதும் குழிகளில் நீலம் எழுந்தது. ஓர் ஓரத்தில் அடர்த்தியாக, போகப் போக வெளிறி.

"மயில்கழுத்து" என்றான் மச்சினன்.

அதன் மேல் ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் நீலம் போய் மஞ்சளானது. இடது ஓரத்தில் மேலே நல்ல மஞ்சள். அடுத்தது கொஞ்சம் குறைவு. அப்படியே படிப்படியாக இறங்கி, கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. டாக்டரம்மா ஒட்டுக் காகிதத்தை எடுத்தார். பிளேட்டை ஒட்டி மூடினார்.

"அரை மணி நேரத்துக்குள்ள மெஷின்ல வைக்கணும் அண்ணாச்சி. நடங்க."

பட்டு மாடியைக் கடந்துதான் படிக்குப் போக வேண்டும். ஜமுக்காளம் விரித்துக் கல்யாணப் பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அத்தை போலிருக்கிறது, பெரிய ஆகிருதி, எழுந்து நின்று வழியை மறித்துவிட்டார். கண் பிளேட்டின் மேல் இருந்தது.

"ஏ தம்பி! இவ்வளவு நேரமா கலர் கார்டு இல்லைன்னு சொன்ன? இந்தா போகுதே ஒண்ணு. இங்க கொண்டா."

மச்சினன் வாயடைத்து நின்றான். அவன் வாய் அடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இந்தா, மேல இருந்து மூணாவது. இந்த மஞ்சள்தான் நான் காலையில இருந்து கேக்கேன். கொடும்மா, வாசல்ல வெளிச்சத்துல வச்சுப் பாக்கணும்."

எங்கள் ஊரில் பட்டு எடுப்பவர்கள் கடை விளக்கை நம்ப மாட்டார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். அத்தை கையை நீட்டிவிட்டார். கவிழ்த்துப் பிடித்து வெயிலில் காட்டினால் எல்லாம் முடிந்தது.

"தொடாதீங்க" என்றார் டாக்டரம்மா. பிளேட்டோடு ஓர் அடி பின்னால் போனார்.

"ஏன்? தங்கமா?"

கல்யாண வீட்டார் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே இருந்து முதலாளி அண்ணாச்சி படியேறி வந்தார். அவர் என்னைப் பார்த்தார். வராது என்று நான் சொன்ன வார்த்தையைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"ஆசிட்டு" என்றேன்.

அத்தை கையை இழுத்துக்கொண்டார். ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் சேலைகளைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டார்கள். வழி தானாக விரிந்தது. நாங்கள் இறங்கினோம். பின்னால் அத்தை குரல் கேட்டது. "ஆசிட்டுல இவ்வளவு லெச்சணமான மஞ்சளா!" அதற்குள் மச்சினனுக்கு வாய் திரும்பிவிட்டது. "அக்கா, மூணாவது மஞ்சள்தானே? உக்காருங்க. அதே நிறம் உள்ள இருக்கு. இப்பத்தான் கண்ணால பாத்துட்டு வாறேன்."

ஆட்டோக்காரரிடம் பைய போங்க என்று டாக்டரம்மாவும், வேகமாகப் போங்க என்று நானும் சொன்னோம். அவர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க வே" என்றார்.

பாய் மெஷினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தார். பிளேட் உள்ளே போனது. மெஷின் கரகரவென்று காகிதத்தைக் கக்கியது. டாக்டரம்மா கோடு போட்ட தாளில் புள்ளி வைத்தார். அளவு தெரிந்த குழிகளின் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நேராக நின்றது. ஒரே ஆளுக்கு இரண்டு குழி விட்டிருந்தார், இரண்டும் ஒத்துப்போயின.

"வந்துட்டு பாய்" என்றார். பாய் சத்தமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். போய் அங்கே சிரித்தேன்.

கண் கெட்டவர்களில் நிறையப் பேருக்கு மஞ்சள் ஏறியிருந்தது. எல்லோருக்கும் இல்லை. ஏன் இல்லை என்று அதற்கும் சில பக்கங்கள் எழுத வேண்டும் என்றார் டாக்டரம்மா. நல்லா இருக்கிறவர்கள் குழி பெரும்பாலும் வெளிறிப்போய்த்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"என் குழி எது அத்தான்?"

"கீழ் வரிசை. நிறமே இல்லை."

"எனக்கு நிறம் வரலியா?" முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை."

"அப்ப சரி" என்று சாப்பிட உட்கார்ந்தான்.

டாக்டரம்மாவுக்குப் பரீட்சை நடந்தது. கேள்வி கேட்க வெளியூரில் இருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். கதவுக்கு வெளியே டீத் தட்டோடு நான் நின்றேன்.

"மே மாதத்தில் இந்த ஊரில் இருபத்தைந்து டிகிரியில் வைத்ததாக எழுதியிருக்கிறீர்களே. எங்கே வைத்தீர்கள்?"

"பட்டுக்கடையில சார்."

 உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. அவர் சிரிக்கிற சத்தம் வராண்டா முழுக்கக் கேட்டது. அப்புறம் நிறையக் கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. இவர் வேகமாகப் பதில் சொன்னது மட்டும் கேட்டது. டீ ஆறிப்போனது. கடைசியாகக் கேட்ட கேள்வி புரிந்தது.

"எந்தக் கடை?"

டாக்டரம்மா வெளியே வந்து என் தட்டில் இருந்த ஆறின டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"கோயம்புத்தூர் அண்ணாச்சி" என்றார். 

அன்று ரயில் ஏறுவதற்கு முன்னால் அந்த வெளியூர் டாக்டர் பட்டு மாடிக்குப் போயிருக்கிறார். வீட்டம்மாவுக்கு ஒரு சேலை. எடுத்துப் போட்டது என் மச்சினன். மூன்றாவது மஞ்சளை விரித்துக் காட்டியிருக்கிறான். அவருக்குப் பிடிக்கவில்லை. மயில்கழுத்து எடுத்துக்கொண்டாராம்.